தார்க்கோட்டின் மேல் ஒருவர்

மதியம் இரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமை. தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிற வெயில்.

ராத்திரியாக இருந்திருந்தால் பயப்படுவதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும் என்று அவரே பிற்பாடு சொன்னாராம். பட்டப்பகல்... அதைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லையாம்.

குடோன்கள் வரிசை கட்டி நிற்கிற நீளமான ரோடு. லீவு நாள். ஷட்டர்கள் எல்லாம் இறங்கிக் கிடந்தன. எப்போதாவது ஒரு லாரி வரும், போகும். தூசி அடங்கினால் மறுபடி சத்தமே இருக்காது. அந்த ரோட்டைக் குறுக்கு ரோடு ஒன்று வெட்டுகிற முனையில், நடைபாதை மேல், ஆள் உயர இரும்புப் பெட்டி ஒன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அதற்கு முன்னால் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியில் ஒரு மனிதர் உட்கார்ந்து, கடுகளவு விளக்கு ஒன்றை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் ரூம்மேட்டின் சித்தப்பா. நாமும் சித்தப்பா என்றே கூப்பிட்டுக்கொள்வோம். சிக்னல் டிபார்ட்மெண்டில் மெக்கானிக்.

நம் ரூம் கதவுப் பக்கம் உட்கார்ந்து கதை கேட்கிறவர் கொஞ்சம் உள்ளே தள்ளி வந்துவிடுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. மெழுகுவர்த்தி பாதிதான் எரிந்திருக்கிறது, போதும்.

அந்த விளக்கு என்ன விளக்கு என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் மிச்சம் புரியும்.

முன்பெல்லாம் சிக்னல் பெட்டிக்குள் ஒரு மோட்டார் இருக்கும். மோட்டார் ஓர் உருளையைச் சுற்றும். உருளையில் பற்கள். ஒரு பல் தட்டினால் பச்சை, அடுத்த பல் தட்டினால் மஞ்சள், அதற்கடுத்தது சிவப்பு. ரோட்டில் வண்டி நிற்கிறதா, நாய் படுத்திருக்கிறதா, அதற்கு ஒரு கவலையும் கிடையாது. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். சித்தப்பா பாதி வாழ்க்கை அந்த உருளைகளோடுதான் குடித்தனம் நடத்தினார். வீட்டுக்கு வந்தால் சட்டையில் கிரீஸ் வாடை. சித்தி மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சோறு போடுவாளாம்.

அப்புறம் எலக்ட்ரானிக் பெட்டி வந்தது. மோட்டார் போயிற்று, பல் போயிற்று. டிரான்சிஸ்டர் பதித்த அட்டைகள் வரிசையாக உள்ளே நின்றன. பெரிய வித்தை பெட்டிக்குள் இல்லை, ரோட்டுக்குக் கீழே. தாரைக் கோடு கோடாக வெட்டி, அதில் வயரைச் சுற்றிப் பதித்து, மேலே தாரை ஊற்றி மூடிவிடுவார்கள். அதன் மேல் வண்டி வந்து நின்றால் அதிலுள்ள இரும்பு வயருக்குத் தெரியும். உடனே பெட்டியில் அந்தக் கடுகு விளக்கு எரியும். இங்கே ஓர் ஆள் நிற்கிறான், பச்சை கேட்கிறான் என்று அர்த்தம். கேட்டால் கொடுக்கும். யாரும் கேட்காவிட்டால் குறுக்கு ரோட்டுக்குப் பச்சையே கிடையாது. நாள் பூராவும் மெயின் ரோட்டுக்குத்தான்.

அந்த விளக்கு ஒரு வாரமாக அணையவில்லை.

குறுக்கு ரோட்டில் ஒருவரும் இல்லை. ஆனால் விளக்கு எரிகிறது. பெட்டி மெயின் ரோட்டை மறித்து, காலி ரோட்டுக்குப் பச்சை கொடுக்கிறது. பச்சை முடிகிறது. விளக்கு அப்படியே எரிகிறது. மறுபடி கொடுக்கிறது. லாரிக்காரர்கள் கெட்ட வார்த்தையில் புகார் எழுதிப் போட்டுவிட்டார்கள். அட்டையை மாற்றிப் பார்த்தாயிற்று. அதற்கடுத்த அட்டையையும் மாற்றிப் பார்த்தாயிற்று. நாளைக்குள் சரி பண்ணியாக வேண்டும் என்று எஞ்சினியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சித்தப்பாவோடு வேலை பார்க்கிற ஆள் ஒருவன். எந்தப் பழுது வந்தாலும் முதலில் ஃபியூஸைப் பார்க்கச் சொல்வதால் ஊரே அவனை ஃபியூஸ் என்றுதான் கூப்பிடும். அன்று அவனும் கூட வந்திருந்தான்.

"அண்ணே, ஆவிதான் வந்து வரிசைல நிக்குது போல. பச்சை குடுத்தாலும் நகர மாட்டேங்குது பாருங்க, நம்ம ஆபீஸ் பியூன் மாதிரி."

சித்தப்பா சிரிக்கவில்லை. டீ வாங்கி வா என்று ஃப்ளாஸ்க்கைக் கொடுத்து அனுப்பிவிட்டார். கடைகளெல்லாம் மூடியிருந்தன. டீக்கு பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டும். அவன் போகட்டும் என்றுதான் இருந்தது அவருக்கு.

ஏனென்றால், அந்த முனையில் ஒரு சாவு விழுந்திருந்தது. அது எப்படி விழுந்தது என்று அவருக்குத் தெரியும்.

பெட்டியில் ஒரு குமிழ் உண்டு. தரையில் இருக்கிற வயரின் காதைக் கூர்மையாக்குவதும் மந்தமாக்குவதும் அதுதான். பெட்டி வந்த புதிதில் காது ரொம்பக் கூர்மை. மெயின் ரோட்டில் ஓரமாக லாரி போனாலே, குறுக்கு ரோட்டில்தான் யாரோ வந்துவிட்டார்கள் என்று விழித்துக்கொண்டது. எஞ்சினியர் குறைக்கச் சொன்னார். சித்தப்பா குறைத்தார். இன்னும் குறைக்கச் சொன்னார். குறைத்தார். லாரித் தொல்லை ஒழிந்தது. ஆனால் கார், வேன் என்றால் தெரியும். ஸ்கூட்டர், மொபெட் நின்றால் தெரியாது. அவ்வளவு இரும்பு அதில் இல்லை. சரியாக அந்த வெட்டுக் கோட்டின் மேல், இடது மூலையில், சக்கரத்தை ஏற்றி நிறுத்தினால் மட்டும் லேசாக உறைக்கும்.

இந்த விஷயத்தை அவர் ஒரே ஓர் ஆளுக்குத்தான் சொல்லியிருந்தார். தன் மகளுக்கு.

வீட்டில் அவள் பேர் பாப்பா. பாப்பா என்றதும் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள், வேலைக்குப் போகிற பெண். குறுக்கு ரோட்டுக் கடைசியில் மருந்துக் கம்பெனி. அங்கே மாத்திரை பேக்கிங், ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் உண்டு. தினமும் மொபெட்டில் அந்த முனையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். பெட்டி வைத்த வாரமே சித்தப்பா அவளைக் கூட்டிப்போய்க் குனிந்து தரையைத் தொட்டுக் காட்டினார்.

"இதோ பாரு, இந்த மூலை. முன் சக்கரம் இதுமேல ஏறி நிக்கணும். வேற எங்க நின்னாலும் நீ இருக்கறதே இதுக்குத் தெரியாது."

"அப்ப மத்தவங்க என்ன பண்ணுவாங்க?"

போர்டு வைக்க எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னார். எழுதித்தான் போட்டிருந்தார். போர்டு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வாரத்துக்கு முன்னால், கம்பெனிக்கு ஏதோ வேலையாக வந்த வெளியூர் ஆள் ஒருவன் மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தான். சிவப்பு. நின்றான். கோட்டுக்கு நான்கு அடி தள்ளி நின்றான். குடோன் வாட்ச்மேன் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மெயின் ரோட்டில் ஈ காக்கா இல்லை, ஆனாலும் நின்றான். எஞ்சினை அணைத்தான். கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். மறுபடி உதைத்து ஸ்டார்ட் செய்தான். விளக்கைப் பார்த்து ஹாரன்கூட அடித்தானாம். வாட்ச்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் இவர் பக்கம் திரும்பி, இது மாறுமா மாறாதா என்று கையாலேயே கேட்டிருக்கிறான். இவர், போய்யா போ என்று கையைக் காட்டியிருக்கிறார்.

போனான்.

லாரிக்கு முன்னால் இருந்தது பச்சை. லாரி மேல் தப்பில்லை. சிக்னலை மீறினவன் மேல்தான் தப்பு என்று போலீஸ் எழுதிக்கொண்டது. பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். சரியாகத்தான் வேலை செய்தது.

அதற்குப் பிறகுதான் இந்த விளக்கு.

சித்தப்பா குமிழைக் கடைசி வரை குறைத்தார். காது சுத்தமாக அடைத்துப்போகிற அளவுக்கு. அணையவில்லை. எழுந்து ரோட்டைக் கடந்து, குறுக்கு ரோட்டின் நிறுத்தக் கோட்டுக்குப் போனார். வெயிலில் தார்க்கோடு பளபளவென்று இருந்தது. அதன் ஓரமாகவே நடந்து இடது மூலைக்கு வந்தார்.

கெண்டைக்காலில் அனல் அடித்தது.

வெயில் தலைக்கு மேலே இருந்து காயும், ரோடு கீழே இருந்து காயும். இது பக்கவாட்டில்... முட்டிக்குக் கீழே மட்டும். பெட்ரோல் வாடை. கருகின ஆயில் வாடை. ஓடி நின்ற எஞ்சின் ஆறும்போது ஒரு சத்தம் கேட்குமே... டிக்... டிக்... அந்தச் சத்தம். சித்தப்பா குனிந்து கையை நீட்டினார். உள்ளங்கை சுரீரென்று சுட்டது. கையை உதறிக்கொண்டு பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

நான்கு அடி தள்ளி நின்று செத்தவன், எங்கே நிற்க வேண்டும் என்று இப்போது கற்றுக்கொண்டுவிட்டான்.

அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு வியாழக்கிழமை ராத்திரி ஞாபகம் வந்தது. சாப்பிடும்போது பாப்பா சிரித்துக்கொண்டே சொன்னாள், உங்கள் ரகசியம் ஊருக்கே தெரிந்துவிட்டது அப்பா, நான் போகிறபோதெல்லாம் அந்த மூலையில் ஒருத்தர் எனக்கு முன்னாலேயே நிற்கிறார், நல்ல மனுஷன், எனக்காகக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறார் என்று. அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குழம்பு ஊற்று என்றார்.

அந்த இடத்தைத் தொட்டுக் காட்டியது அவர் கை. தினம் தினம் அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினது அவர் வாய்.

இனிமேல் அவள் அங்கே நிற்கவே கூடாது. அவளுக்கு மட்டும் சொன்னால் போதாது, யாருமே அங்கே நிற்கத் தேவையில்லாமல் பண்ணிவிட வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. தரை வயரை வெட்டிவிட்டு, பழைய உருளை மாதிரி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் முறை வைத்துப் பச்சை கொடு என்று பெட்டிக்குச் சொல்லிவிடலாம். ஓர் அட்டையை எடுத்து ஒரே ஓர் இணைப்பை மாற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்தால் முடிந்தது. எஞ்சினியர் குதிப்பார். குதிக்கட்டும்.

ஏறக்குறைய ஓடிப்போய்ப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். பற்றவைக்கிற கம்பியைச் சூடாக வைத்தார். கட்டிங் பிளேயரை எடுத்தார். தரையிலிருந்து வருகிற வயரைத் தேடிப் பிடித்து... டக்.

விளக்கு அணைந்தது.

ஒரு வாரமாக எரிந்தது, பொட்டென்று அணைந்தது. சித்தப்பா பெருமூச்சு விட்டார்.

இங்கேதான் அவர் ஒன்றை மறந்தார். சிக்னல் வேலை தெரிந்த எவனும் மறக்கக் கூடாத ஒன்று. வயரை வெட்டினது முதல், மாற்று இணைப்பைப் பற்றவைக்கிற வரை, குறுக்கு ரோட்டுக்குக் காதும் கிடையாது, முறையும் கிடையாது. யார் வந்து நின்றாலும், விடிய விடிய நின்றாலும் சிவப்புதான். அதனால் அந்த நேரத்துக்கு ரோட்டில் ஓர் ஆளைக் கொடியோடு நிறுத்திவிட்டுத்தான் வயரில் கை வைக்க வேண்டும். அதுதான் முறை. கொடி பிடிக்க வேண்டிய ஆள் பஸ் ஸ்டாண்டில் டீக்கு நின்றுகொண்டிருந்தான்.

கம்பி சூடாக நேரம் பிடித்தது. சித்தப்பா அட்டையின் திருகாணிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

மொபெட் சத்தம்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். சைலென்சரில் ஓட்டை, அடுத்த மாதம் மாற்றலாம் என்று அவரே தள்ளிப்போட்டது. ஷிப்ட் ஐந்து மணி வரைதானே என்று தலையைத் தூக்கினார். பேக்கிங் அட்டை தீர்ந்துபோனதால் அன்று சீக்கிரம் விட்டுவிட்டார்களாம். அதெல்லாம் பிறகு தெரிந்தது.

பாப்பா வந்தாள். வேகத்தைக் குறைத்தாள். அப்பா சொல்லிக் கொடுத்தபடி, சமர்த்தாக, இடது மூலைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். சக்கரத்தை மூலை மேல் ஏற்றவில்லை. ஒரு வண்டிக்கு இடம் விட்டு நின்றாள்.

சித்தப்பா எழுந்து கையை ஆட்டினார். திறந்திருந்த இரும்புக் கதவு அவரை மறைத்தது. கதவைத் தாண்டி வருவதற்குள் பார்த்துவிட்டார். பாப்பா சிக்னலைப் பார்க்கவில்லை. பக்கத்தில் திரும்பியிருந்தாள். யாரோ பேசுவதைக் கேட்கிறபோது நாம் முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வோமே... அப்படி.

ஏதோ பதில் சொன்னாள். சிரித்தாள்.

மெயின் ரோட்டில் லாரி. தூரத்தில்தான். ஆனால் காலி ரோடு, லீவு நாள்... வேகம் பிடித்து வந்துகொண்டிருந்தது.

சித்தப்பா கத்தினார். மொபெட்டின் ஓட்டை சைலென்சரில் அது காணாமல் போயிற்று. பாப்பா மறுபடி பக்கத்தில் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் காலைத் தரையிலிருந்து எடுத்து, வலது கைப்பிடியை முறுக்கினாள்.

சிவப்பிலேயே வண்டி நகர்ந்தது.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. தீயணைப்பு வண்டி வந்தால் போலீஸ்காரர் போடுகிற சுவிட்ச் அதற்குள் இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சிவப்பு. அதற்குச் சாவி வேண்டும். சித்தப்பா சாவியைத் தேடவில்லை. ஸ்குரூடிரைவரை இடுக்கில் நுழைத்துக் கதவை நெம்பிப் பிய்த்து, உள்ளங்கையாலேயே சுவிட்சை அறைந்தார்.

பிரேக் சத்தம். அது நின்றபாடில்லை... நீண்டுகொண்டே வந்தது. ரப்பர் தீய்கிற நாற்றம். புகை. நடுவில் ஒரு முறை, தடக் என்று லாரி ஏறி இறங்கினது.

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது பாப்பா லாரியின் பம்பருக்கு ஒரு கை தூரத்தில், மொபெட்டின் மேல் உட்கார்ந்தபடியே இருந்தாள். கீறல்கூட இல்லை. சித்தப்பா ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டார். அவள் உடம்பில் மாத்திரை வாசனை. அதோடு கருகின ஆயில் வாடையும்.

"ஏம்மா... சிவப்புல ஏம்மா வந்த?"

"அவர்தாம்ப்பா சொன்னார். இது மாறாதும்மா, நான் ரொம்ப நாளாப் பாக்கறேன், வா சேர்ந்தே போயிடலாம்னார்." அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "அவர் எங்கப்பா?"

அதற்குள் டிரைவர் இறங்கிவிட்டார். பெரிய உடம்புக்காரர், நடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சித்தப்பாவையும் பார்க்கவில்லை, பாப்பாவையும் பார்க்கவில்லை. மண்டி போட்டு லாரிக்கு அடியில் பார்த்தார். முன் சக்கரம், பின் சக்கரம், நடுவில். மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"ரெண்டு வண்டி வந்துச்சு சார்," என்றார். "பொண்ணு நின்னுடுச்சு. அந்த ஆள் நிக்கல. சக்கரம் ஏறி இறங்குச்சு சார். எனக்குத் தெரியாதா, ஏறி இறங்குச்சு."

லாரிக்கு அடியில் தார்தான் இருந்தது.

வாட்ச்மேன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் வேலைக்கே வரவில்லை. ஃபியூஸ் டீயோடு வந்து சேர்ந்தபோது சித்தப்பா நடைபாதையில் மகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதியில் கிடந்த இணைப்பை ஃபியூஸ்தான் பற்றவைத்து முடித்தான். அன்றைக்கு அவன் ஒரு வார்த்தை கிண்டல் பேசவில்லையாம்.

அந்த முனை இப்போதும் முறை வைத்துத்தான் மாறுகிறது. தாரைக் கொத்தி வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். மொபெட்டை விற்றாயிற்று. பாப்பா அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பிரஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். நடுவில் ஒரு சிக்னல்கூடக் கிடையாது. சித்தப்பா அளந்து பார்த்துத்தான் சேர்த்துவிட்டார்.

ஆனால் அவள் தூக்கத்தில் பேச ஆரம்பித்தாள்.

முதலில் சித்திதான் கேட்டாள். அப்புறம் சித்தப்பா அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ராத்திரியில் ஏதோ ஒரு நேரம், மல்லாந்து படுத்தபடியே, கண்ணைத் திறக்காமல் சொல்வாளாம்.

"கொஞ்சம் இருங்க... மாறிடும்."

நிறுத்துவாளாம். யாரோ பதில் சொல்வதற்கு ஆகிற நேரம். அப்புறம்,

"இல்லைங்க, எங்கப்பா போட்ட சிக்னல்... கண்டிப்பா மாறும். இருங்க."

சித்தப்பா இதைக் கேட்டுக்கொண்டுதான் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அவள் மறுத்துப் பேசுகிறவரைக்கும் அவருக்கு நிம்மதி. இருங்க, இருங்க என்கிறாளே, போகவில்லையே. எழுப்பிப் பார்த்தார்கள், அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. டாக்டரிடம் காட்டினார்கள், அதிர்ச்சி, நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று மாத்திரை கொடுத்தார். ஒரு வருஷம் ஓடிற்று.

போன வாரம் ரூம்மேட் ஊருக்குப் போயிருந்தான். சித்தப்பா வீட்டில்தான் ராத்தங்கினான். அவளுக்குக் குணமாகிவிட்டது என்று சித்தி சந்தோஷமாகச் சொன்னாளாம். நான்கைந்து நாளாகத் தூக்கத்தில் வாயே திறப்பதில்லையாம். சித்தப்பா மட்டும் இவன் கையைப் பிடித்து இருட்டில் அந்த அறைக்குக் கூட்டிப் போனார்.

பாப்பா அசையாமல் படுத்திருந்தாள். உதட்டில் லேசாகச் சிரிப்பு. இடது கை வயிற்றின் மேல். வலது கை மட்டும் கட்டிலை விட்டு வெளியே நீண்டு, காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

மணிக்கட்டு... மெல்ல... முறுக்கிக்கொண்டிருந்தது.